முற்றமும் மாடிப்படியும்

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் தீ விபத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: மின்கசிவு. குடிசை எரிந்தாலும் மின்கசிவு, ஜவுளிக்கடை எரிந்தாலும் மின்கசிவு. அந்த ஒரு சொல்லைப் படித்ததும் விசாரணையே முடிந்துவிட்டதுபோல நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டால் அது மறுத்துப் பேசாது, வசதிதான்.

பொறி எங்கிருந்து கிளம்பியது என்பது ஒரு கேள்வி. உள்ளே இருந்தவர்களால் ஏன் வெளியே வர முடியவில்லை என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தவுடன் இரண்டாவதைக் கேட்க மறந்துவிடுகிறோம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அந்த மறதி கூடாது.

2004 ஜனவரி 23, தை மாத வெள்ளிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் பத்மப்ரியா திருமண மண்டபத்தின் மாடியில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே கல்யாணம். காலை வேளை. வீடியோ எடுப்பதற்காக இழுத்திருந்த மின்கம்பியில் பொறி கிளம்பியதாகப் பிறகு சொன்னார்கள். பந்தல் பற்றியது. கீழே இறங்கக் குறுகலான படி. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் தீவு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்ற நேரம் இருக்கவில்லை.

அதற்கு ஏறத்தாழ ஏழாண்டுகளுக்கு முன், 1997 ஜூன் 7 அன்று, தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்குக்காகப் போட்டிருந்த யாகசாலைப் பந்தல் எரிந்து 48 பேர் இறந்திருந்தார்கள். ஸ்ரீரங்கம் விபத்து நடந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையலறைத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. திருச்சியிலிருந்து கும்பகோணம் நூறு கிலோமீட்டருக்குள்தான். அந்த ஒரே சாலையில் மூன்று ஊர்கள், மூன்று தீ. முதல் பொறி மூன்றிலும் வேறு வேறு. மாறாமல் இருந்தது தலைக்கு மேலே இருந்த கூரை: கீற்று.

காவிரிப் படுகையில் தென்னை இல்லாத கொல்லை கிடையாது. கீற்று மலிவு, நிழல் குளிர்ச்சி, பின்னத் தெரிந்த கைகள் தெருவுக்கு நாலு பேர். வெயிலுக்கு அதைவிட நல்ல கூரை இல்லை என்றே நான் இன்றும் சொல்வேன். ஆனால் தீயின் கண்ணால் பார்த்தால் அதன் குணமே வேறு.

இதை விளங்கிக்கொள்ள ஒரு மெழுகுவர்த்தி போதும். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-61இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றி மட்டுமே ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அதில் ஒரு சோதனையை மின்வெட்டு நேரத்தில் நீங்களும் செய்யலாம். எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை இழையாக எழும். எரியும் தீக்குச்சியை, திரியைத் தொடாமல், அந்தப் புகையில் காட்டுங்கள். சுடர் புகை வழியே இறங்கி வந்து திரியில் உட்கார்ந்துகொள்ளும். எரிந்தது மெழுகு அல்ல, மெழுகின் ஆவி. விறகும் அப்படித்தான், ஓலையும் துணியும் அப்படித்தான். முதலில் சூடேற வேண்டும், சூட்டில் உள்ளிருக்கும் பொருள் சிதைந்து எரிவாயுவாக வெளியே வர வேண்டும், பிறகுதான் அந்த வாயு பற்றும்.

சூடேற எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. தென்னங்கட்டையைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடியாது. கொடுத்த சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டு சும்மா இருக்கும். அதே மரத்தின் ஓலைக்கு உள்ளே என்று ஒன்றே இல்லை. இரு பக்கமும் மேற்பரப்புதான். காய்ந்த ஓலை 250, 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே பற்றத் தொடங்கும். அதைப் பின்னிக் கீற்றாக்கும்போது ஒவ்வொரு இடுக்கிலும் காற்றையும் சேர்த்துப் பின்னிவிடுகிறோம். எரிபொருளும் பிராணவாயுவும் ஒன்றுக்குள் ஒன்று.

இது நமக்குத் தெரியாத செய்தியும் இல்லை. கார்த்திகை தீபத்தன்று கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துகிறார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டுகிறோம். காய்ந்த ஓலை சுற்றிய மரம் எவ்வளவு சீக்கிரம் கொழுந்துவிட்டு எரிந்து முடிகிறது என்பதை ஊரே கூடிநின்று ஆண்டுதோறும் பார்க்கிறது. அதே சொக்கப்பனையைப் படுக்கவைத்து, நாலு பந்தல்கால் மேல் ஏற்றி, கீழே ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தால் அதற்குப் பெயர் பந்தல்.

கூரை எரிவதில் இன்னொரு கொடுமை உண்டு. தரையில் பற்றும் தீயை நாம் பார்க்கிறோம், விலகுகிறோம். கூரையில் பற்றினால் சுடுகாற்று கூரையின் அடிப்பரப்பிலேயே பரவி, இன்னும் பற்றாத கீற்றையும் சூடேற்றிக்கொண்டே ஓடும். அங்கிருந்து வெப்பம் கதிராகக் கீழே இறங்கும். சித்திரை வெயிலில் திருச்சி ஜங்ஷனில் உச்சிப்பொழுதில் நின்றால் நம் மேல் விழும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோவாட். மூடிய அறை ஒன்று எரியும்போது, மேலே தேங்கிய புகை 600 டிகிரியைத் தொட்டால், தரையில் விழும் கதிர்வீச்சு 20 கிலோவாட்டை எட்டும். இருபது வெயில். அந்தக் கணத்தில் தீ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவிக்கொண்டிருப்பதில்லை. அறையில் இருக்கும் எல்லாமே ஒருசேரப் பற்றிக்கொள்கின்றன. நாற்காலி, பாய், உடுத்திய துணி, எல்லாம்.

இப்போது மின்கசிவுக்கு வருவோம், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. கசிவு என்றால் மின்சாரம் போகக்கூடாத வழியில், ஈரச் சுவர் வழியாகவோ நம் உடல் வழியாகவோ, மண்ணுக்கு ஒழுகுவது. அதைப் பிடிக்க ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி இருக்கிறது, வீட்டில் பொருத்துவது 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும். இரண்டு கம்பிகளும் நேராகத் தொட்டுக்கொண்டால் அது ஷார்ட் சர்க்யூட். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், எம்.சி.பி. என்ற தானியங்கி சுவிட்ச் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். வீட்டைப் பொறுத்தவரை நான் அதிகம் பயப்படுவது இரண்டுக்கும் அல்ல, மூன்றாவதற்கு: தளர்ந்த இணைப்பு.

கல்யாண வீட்டு ஒயரிங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒயரைப் பல்லால் உரித்து, இரண்டு முறுக்கு முறுக்கி, டேப் சுற்றுவார்கள். பல சமயம் டேப்பும் இருக்காது. பிளக் இல்லையென்றால் வெறும் கம்பியை பாயிண்டில் நுழைத்து, நழுவாமலிருக்கத் தீக்குச்சியைச் செருகுவார்கள். மின்சாரத்துக்கு ஆப்பாகத் தீக்குச்சி! இதைவிடப் பொருத்தமான கேலி வேறு கிடைக்காது.

அப்படிப்பட்ட இணைப்பில் என்ன நடக்கிறது? ஓடும் மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் அங்கே பிறக்கும் வெப்பம் கிடைக்கும். 10 ஆம்பியர் ஓடுகிறது, தளர்ந்த இடத்தில் 1 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பின் மொத்தச் சூடும் ஒரு மிளகு அளவு இடத்தில். பிளாஸ்டிக் இளகும், கருகும், கருகியதும் தடை இன்னும் கூடும், சூடு இன்னும் ஏறும். இவ்வளவு நடந்தும் எம்.சி.பி.க்கு எதுவும் தெரியாது. அது பார்ப்பது எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்பதை மட்டும். ஓடுவது வழக்கமான 10 ஆம்பியர்தானே. பியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியாகப் பார்த்துக் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், காவலாளியின் வாயைக் கட்டிவிட்டோம்.

தளர்ந்த இணைப்பு சத்தம் போடாவிட்டாலும் அடையாளம் காட்டும். பிளக்கைப் பிடுங்கும்போது கை சுடும். பாயிண்டைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரியும். கீஸர் போட்டால் விளக்கு லேசாகத் துடிக்கும். மீன் கருகுவதுபோல ஒரு நாற்றம் வரும். சைவ வீட்டில் அந்த வாசனை வந்தால் சந்தேகமே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

2004இல் கல்யாண வீடியோ என்றால் ஆலஜன் விளக்கு. 1000 வாட் விளக்கு வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை, மிச்சமெல்லாம் சூடு. அதன் கண்ணாடிக் குழல் சில நூறு டிகிரியில் இருக்கும், அதாவது ஓலை பற்றும் வெப்பத்துக்கு மேல். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூட்டத்தில் பின்னோக்கி நடப்பார். இன்று எல்.இ.டி. வந்து அந்த ஆபத்தைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. சட்டம் செய்யாததைச் சந்தை செய்தது என்று சொன்னால் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

பொறி பற்றி இவ்வளவு போதும். இரண்டாவது கேள்விக்கு ஸ்ரீரங்கத்தின் பழைய வீடுகளே ஒரு பதிலைக் கட்டிவைத்திருக்கின்றன.

உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ இன்னும் இடிக்காமல் இருக்கும் ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தளிகை உள், கொல்லை. வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோடு. அகலம் குறைவு, நீளம் அதிகம், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். பார்த்தால் தீக்கு வாகான அமைப்பு என்று தோன்றும். ஆனால் நடுவில் வானம் தெரியும் முற்றம் இருக்கிறது. விறகடுப்புப் புகையும் சூடும் எழுந்து அந்த வழியே போய்விடும். உட்கூரைக்குக் கீழே தேங்காது. மேலே சொன்ன அந்த 600 டிகிரிப் புகைப்படலம் உருவாக, புகை அடைபட வேண்டும். முற்றம் அதை அடைபட விடாது. இருட்டில் எழுந்து ஓடினாலும் நேராக ஓடினால் போதும், முன்னாலும் கதவு, பின்னாலும் கதவு. தீயை நினைத்துத்தான் கட்டினார்களா என்று கேட்டால், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கட்டியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பயன் எப்படியோ வந்து சேர்ந்தது.

தேர் ஓட வேண்டும் என்பதற்காகத் தேரோடும் வீதிகளை அகலமாக விட்டதும் அப்படித்தான். தேர் போன தெருவில் தீயணைப்பு வண்டியும் போகும். சந்துகளில் இரண்டும் போகாது.

அந்த வீட்டை இடித்துக் கட்டிய அடுக்ககத்தில் என்ன இருக்கிறது? ஒரே மாடிப்படி. படிக்குக் கீழே இபி மீட்டர் பெட்டிகள் வரிசையாக. அந்தப் பெட்டிகளில் சாய்ந்தபடி நாலு பைக், டாங்கில் பெட்ரோலுடன். இப்போது புதிதாக ஒரு மின்ஸ்கூட்டர், இரவு முழுக்க சார்ஜில். மேலே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் திருட்டுக்குப் பயந்து கிரில் கேட், அதற்கு ஒரு பூட்டு. ஜன்னல்களுக்கும் கம்பி. முற்றத்துக்குப் பதிலாக வந்திருப்பது அந்த மாடிப்படிக் கூண்டுதான். ஆனால் முற்றம் புகையை வெளியே அனுப்பியது, இது புகையைத் தேக்கி ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்து சேர்க்கும். கீழே தீ, நடுவில் நீண்ட குழாய், மேலே மூடி. புகைபோக்கிக்குள் நாம் குடியிருக்கிறோம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2022 மார்ச் மாதம் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்பைக் எரிந்து, ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுமுட்டி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்தராபாத்தில் கீழே மின்ஸ்கூட்டர் விற்பனைக்கூடம், மேலே லாட்ஜ். கீழே கிளம்பிய புகை மேலே ஏறி 8 பேரைக் கொன்றது. தீ தொட்டுச் சாவதைவிடப் புகை குடித்துச் சாவது மிக எளிது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை நாற்றம் வந்தால் விழித்துக்கொள்வோம் என்று நம்புகிறோம். உறங்கும்போது மூக்கும் சேர்ந்தே உறங்குகிறது. அதனால்தான் மேலைநாட்டு வீடுகளில் உட்கூரையில் புகையுணர்வி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி. நம் ஊரில் அதைப் பட்டுப்புடவைக் கடைகளில் பார்க்கலாம், வீடுகளில் பார்ப்பதில்லை.

புகை சூழ்ந்தால் குனிந்து, முடிந்தால் தவழ்ந்து போங்கள். நல்ல காற்று தரையை ஒட்டித்தான் மிஞ்சியிருக்கும். போகும்போது பின்னால் கதவைச் சாத்துங்கள். சாத்திய சாதாரண மரக்கதவுகூடச் சில நிமிடங்களைச் சம்பாதித்துக் கொடுக்கும். படிக்கட்டு முழுக்கப் புகை என்றால் இறங்க வேண்டாம். அறைக்குள் வந்து கதவிடுக்கில் ஈரத்துணியை அடைத்து, தெருப்பக்க ஜன்னலில் நின்று குரல் கொடுப்பதே மேல். குளியலறையில் போய் ஒளிவதுதான் கூடாது; அங்கே நல்ல காற்று வரும் வழியும் இல்லை, உங்களைத் தேடுபவர்களுக்குத் தெரியும் வழியும் இல்லை.

சமையலறையில் இதே விதி தலைகீழாகும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, ஏறத்தாழ இரு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தண்ணீரைப்போலத் தரையில் பரவி, மேடைக்குக் கீழேயும் குளிர்பெட்டிக்கு அடியிலும் தேங்கும். உயரத்தில் இருக்கும் எக்ஸாஸ்ட் விசிறிக்கு அது எட்டாது. இயல்பாக மணமில்லாத அந்த வாயுவில் நாற்றமடிக்கும் மெர்காப்டன் கலந்திருப்பது நம் மூக்குக்குத் தந்தி அடிக்கத்தான். 100 பங்கு காற்றில் 2 பங்கு வாயு கலந்தாலே பற்றக்கூடிய கலவை தயார். 14.2 கிலோ கொண்ட ஒரு முழுச் சிலிண்டர், ஆயிரம் சதுர அடி வீடு முழுவதையும் அப்படி நிரப்பப் போதும்.

நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். அணைக்கவும் கூடாது என்பது தெரிவதில்லை. போடும்போதும் பொறி வரும், அணைக்கும்போதும் வரும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்கு போன் செய்யுங்கள். சமையலறையிலேயே பெருமாளையும் வைத்திருக்கும் வீடுகளில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: சாமி விளக்கு. இரவு தூங்கப் போகுமுன் அதைக் குளிரவைத்துவிடுங்கள். விளக்கை அணை என்று சொல்ல வாய்வராத நம் பாட்டிகள் குளிரவை என்றார்கள். பெரும்பாலான தீ அடங்குவது குளிர்ந்துதான். சொல் சரியாகவே அமைந்திருக்கிறது.

ஆனால் வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீரால் குளிரவைக்கப் பார்க்காதீர்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி நொடியில் ஆவியாகும். ஆவியானால் ஏறத்தாழ 1700 மடங்கு விரியும். எரியும் எண்ணெயை உட்கூரை வரை வீசும். தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது பக்கத்தில் வாளித் தண்ணீர் வைப்பதைவிட வாணலியைவிடப் பெரிய தட்டு ஒன்று வைப்பது புத்திசாலித்தனம். அடுப்பை அணைத்து, தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் இருந்தால் போதும்.

துணியைப் பற்றியும் ஒரு பாதி உண்மை உலவுகிறது: பருத்தி உடுத்தினால் பத்திரம் என்று. பருத்தியும் சட்டென்று பற்றும். பாலியெஸ்டர் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதன் காயம் ஆழம், அவ்வளவுதான் வேறுபாடு. தொங்கும் முந்தானையும் துப்பட்டாவும் எந்த நூலானாலும் செருகப்பட வேண்டியவை. பற்றிக்கொண்டால் ஓடக்கூடாது, படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் இங்க், பற்பசை, தோசைமாவு எதுவும் வேண்டாம். குழாயடியில் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு, சுத்தமான துணி போர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருபது நிமிடம் என்பது கடிகாரம் பார்த்து இருபது. நாம் வழக்கமாக இரண்டில் நிறுத்திவிடுகிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று இரவு, எல்லோரும் படுத்த பிறகு, விளக்குகளை அணைத்துவிட்டு, படுக்கையிலிருந்து தெருவரைக்கும் போய்ப் பாருங்கள். செல்போன் வெளிச்சம் வேண்டாம். கிரில் கேட் சாவி கைக்குக் கிடைக்கிறதா, எத்தனை செருப்புகள் காலில் இடறுகின்றன, மாடிப்படிக்குக் கீழே எந்த பைக்கின் ஹேண்டில் இடுப்பில் இடிக்கிறது என்று பாருங்கள். வீட்டில் மூட்டுவலிக்காரப் பெரியவர் இருந்தால் அவரையும் எண்ணிக்கொண்டு கணக்குப் போடுங்கள். சாவியைக் கேட்டுக்குப் பக்கத்திலேயே, வெளியிலிருந்து கை எட்டாத தொலைவில், ஓர் ஆணியில் மாட்டுங்கள். பைக்கை எடுக்கச் சொல்லி மறுநாள் காலையிலேயே அசோசியேஷன்காரரிடம் பேசுங்கள். மாதக்கூட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தீயணைப்புத் துறையின் எண் 101. 112க்கு அழைத்தாலும் வருவார்கள்.